மண் இல்லாத வீட்டில் ஒரு கீரைப் பாத்தி

 

மாடி வீடுகளில் குடியிருப்போருக்கு மண் என்பது செருப்போடு ஒட்டி வந்து வாசலிலேயே துடைத்தெறியப்படும் ஒரு பொருளாகிவிட்டது. கொல்லையும் கிணற்றடியும் வைத்து வாழ்ந்த தலைமுறையினர் பிள்ளைகளின் வீடுகளுக்கு வந்து சேரும்போது, அவர்களுடைய கைகள் முதன்முதலாகத் தேடுவது அந்த மண்ணைத்தான். இத்திங்கள் அத்தகைய ஒருவரைப் பற்றியும், சன்னலோரத்தில் தொட்டி வைத்துக் கீரையும் மிளகாயும் விளைவிக்கும் முறை பற்றியும் உங்களோடு பேச விழைகிறேன்.

என் மாமியார் குமரி மாவட்டத்துக் கடலோர ஊரொன்றில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். வீட்டின் பின்னே கிணறு. கிணற்றடியில் வாழையும் முருங்கையும் கத்தரியும் சேம்பும். மாமா மறைந்தபின் அவரைத் தனியே விட மனமின்றி, சென்னை மண்ணடியில் நாங்கள் குடியிருக்கும் இரண்டாம் மாடி வீட்டிற்கு அழைத்து வந்தோம். வந்த மறுநாள் அரிசி களைந்த நீரைக் கையில் ஏந்தியபடி சமையலறையில் நின்றார். “இதை எங்கே ஊற்றுவது, மக்களே?” என்று கேட்டார். பாத்திரம் கழுவும் தொட்டியைக் காட்டினேன். ஊற்றினார். அந்த நீர் சுழன்று இறங்கிய துளையையே சிறிது நேரம் பார்த்துக் கொண்டு நின்றார்.

அன்று மாலையே என் கணவரிடம் சொன்னேன். அவர் கடையிலிருந்து நார்க்கழிவுக் கட்டி ஒன்றை வாங்கி வந்தார். கடைக்காரர்கள் ‘கோகோபீட்’ என்று கூறி விற்கும் பழுப்பு நிறக் கட்டி அது. நீரில் போட்டதும் மாவு புளித்துப் பொங்குவது போல் உப்பிற்று. மாமி மகிழ்ந்து போனார். இரண்டு பழைய வாளிகளில் அதை நிரப்பி, வெந்தயத்தைத் தூவினார். மூன்றாம் நாளே முளை எட்டிப் பார்த்தது. ஆனால், இரண்டாம் வாரத்தில் இலைகளின் விளிம்பு கருகியது; பின்னர் மஞ்சளித்தது; ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தது. மறுபடியும் விதைத்தார். மறுபடியும் அவ்வாறே ஆயிற்று.

“என் கைராசி மாமாவோடு போய்விட்டது, மக்களே. இனி என்னிடம் விதை தராதே” என்றார்.

கைராசி என்பது நாம் எளிதாகச் சொல்லிவிடும் சொல். ஆனால் ஒரு மூதாட்டி தம் கையின் மீதே நம்பிக்கை இழப்பது எளிதில் தாங்கக் கூடியதன்று. குற்றம் அவர் கையில் இல்லை என்பதை மெய்ப்பித்துக் காட்ட வேண்டுமென்று உறுதி கொண்டேன். அதற்காகக் கேட்டும் படித்தும் செய்து பார்த்தும் அறிந்தவற்றையே இங்கே தருகிறேன்.

நார்க்கழிவு மண் அன்று

தேங்காய் மட்டையிலிருந்து நாரைப் பிரிக்கும்போது, நார்களுக்கு இடையில் ஒட்டியிருக்கும் பஞ்சு போன்ற துகள் உதிர்கிறது. இதுவே தென்னை நார்க்கழிவு. நெடுங்காலம் இது வேண்டாத பொருளாகவே கருதப்பட்டது. நார் ஆலைகளின் ஓரங்களில் குன்று குன்றாய்க் குவிந்து கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் இதைத் தொட்டிச் செடிகளுக்குப் பயன்படுத்தியுள்ளனர். பின்னர் அது மறக்கப்பட்டது. ஐரோப்பாவில் சதுப்பு நிலங்களிலிருந்து வெட்டியெடுக்கும் ‘பீட்’ என்னும் பொருளுக்கு மாற்று தேடியபோது, 1990களில் இதன் மதிப்பு மீண்டும் உணரப்பட்டது. இன்று இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இது கட்டிகளாய்ப் பல நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. தமிழக அரசு 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் மாடியில் காய்கறி வளர்க்கும் திட்டத்தைத் தொடங்கியபோது, அளிக்கப்பட்ட பொருள்களில் இந்த நார்க்கழிவும் ஒன்று.

இதன் சிறப்பு யாதெனில், தன் எடையைப் போல் ஐந்து முதல் எட்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக் கொள்ளும். அவ்வாறு நனைந்த நிலையிலும் வேர் மூச்சுவிடக் காற்றிடம் தரும். 650 கிராம் எடையுள்ள ஒரு கட்டி ஏறத்தாழ நான்கு லிட்டர் நீரைக் குடித்து, எட்டு ஒன்பது லிட்டர் தூளாக விரியும். எடையும் குறைவு. 15 லிட்டர் வாளி நிறைய ஈரமண் இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். வாடகை வீட்டில் சன்னல் திண்டின் மீதோ பலகையின் மீதோ அதனை வைக்க அஞ்சத்தான் வேண்டும். நார்க்கழிவுக் கலவை அத்துணைக் கனமில்லை.

ஆனால் இதில் செடிக்கு வேண்டிய உணவு மிகச் சொற்பம். இது தண்ணீர்ப் பாத்திரமேயன்றிச் சோற்றுப் பாத்திரம் அன்று. விதைக்குள் இருக்கும் உணவு முதல் பத்து நாள்களுக்குப் போதும். ஆகவேதான் எங்கள் வெந்தயம் அழகாக முளைத்தது. அந்த உணவு தீர்ந்ததும் பட்டினி கிடந்தது. மேலும், மக்காத நார்க்கழிவில் கரிமம் மிகுதி; தழைச்சத்து குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு நூறு பங்குக்கும் மேல் கரிமம் உண்டு. அதனைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் கலவையில் உள்ள தழைச்சத்தைத் தாமே முதலில் எடுத்துக் கொள்ளும். செடி மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிப்பிக் காளான் வித்தையும் யூரியாவையும் அடுக்கடுக்காய் இட்டு நார்க்கழிவை மக்கச் செய்யும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்களுக்குப் பரிந்துரைத்து வருகிறது. அவ்வாறு மக்கினால் அந்த விகிதம் ஏறக்குறைய இருபத்தைந்துக்கு ஒன்றாகக் குறையும். ஆகவே, கட்டி வாங்கும்போது அது மக்கியதா, மக்காததா என்று கடையில் கேட்டறிதல் நன்று.

மாமி கண்டுபிடித்த உப்பு

பட்டினி புரிந்தது. ஆனால் இலை விளிம்பு கருகியதற்குக் காரணம் புரியவில்லை. அதனை எனக்குச் சொன்னவர் மாமியேதான்.

இரண்டாவது கட்டியை நான் ஊறவைத்துக் கொண்டிருந்தபோது அருகில் வந்து அமர்ந்தார். ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தார், முகர்ந்தார். “இது கதம்பைத் தூள் அல்லவா? இது எந்தத் தண்ணீரில் ஊறிய கதம்பை?” என்று கேட்டார். அவருடைய ஊர்ப்பக்கம் தேங்காய் மட்டையைக் கதம்பை என்பர். கடல்நீர் ஏறி இறங்கும் காயலில் அதனைப் பல மாதங்கள் அமிழ்த்தி ஊறப்போட்டு, பிறகு பெண்கள் அமர்ந்து அடித்துத் தும்பு எடுப்பர். “அந்தத் தூளைக் கொட்டிய இடத்தில் ஒரு மழைக்காலம் போகும்வரை புல்கூட முளைக்காது. உப்பு, மக்களே!” என்றார்.

உண்மை அதுதான். உவர்நீரில் ஊறிய மட்டையின் தூளில் சோடிய உப்பு தங்கியிருக்கும். உவர்நீர் படாத மட்டையிலும் இயல்பாகவே பொட்டாசிய உப்பு உண்டு. இந்த உப்பு வேருக்குச் செல்ல வேண்டிய நீரைத் தடுக்கும். இலையின் விளிம்பைக் கருக்கும். நாங்கள் செய்த இன்னொரு பிழை, அந்தக் கட்டியை எங்கள் கட்டடத்தின் ஆழ்துளைக் கிணற்று உவர்நீரிலேயே ஊறவைத்தது. உப்பின் மேல் உப்பைச் சேர்த்திருந்தோம்!

தம் கையைப் பழித்துக் கொண்டிருந்தவருக்கு விடை அவருடைய இளமை நினைவிலேயே இருந்தது. அதனைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தெளிவு பிறந்தது. “அப்படியானால் கழுவினால் போதுமே” என்று எழுந்துவிட்டார்.

கழுவும் முறை

கட்டியை உடைக்காமல், உலர்ந்த நிலையில் உதிர்க்காமல், முழுதாகவே பெரிய வாளியில் இட்டு நீர் ஊற்றுங்கள். உலர்தூள் பறந்து மூச்சில் ஏறினால், இளைப்பு நோய் உள்ளவர்களுக்குத் துன்பம் தரும். ஓரிரவு ஊறட்டும். காலையில் பழைய பருத்தித் துணியில் கொட்டிப் பிழிந்து, மீண்டும் நீர் ஊற்றி ஊறவையுங்கள். இவ்வாறு மூன்று முறையேனும் செய்தல் வேண்டும். வடியும் நீர் தேநீர் நிறத்தில் இருக்கும். நிறம் வெளுத்துவிட்டது என்பதற்காக உப்பு நீங்கிவிட்டதாகக் கொள்ளலாகாது. நிறம் வேறு, உப்பு வேறு. கடைசி முறை கட்டாயம் நல்ல நீரில் கழுவ வேண்டும். மழைநீர் கிடைத்தால் அதனினும் மேல்.

உப்பு நீங்கியதா என்றறிய எளிய சோதனை ஒன்றுண்டு. கழுவிய தூளை ஒரு கிண்ணத்திலும், நல்ல தோட்ட மண்ணை இன்னொரு கிண்ணத்திலும் எடுத்து, இரண்டிலும் பத்துப் பத்துப் பச்சைப்பயறுகளை ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் இரண்டும் ஒன்றுபோல் முளைத்து வெள்ளை வேர் விட்டிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தூளில் முளைத்தவை மட்டும் குன்றியோ வேர் நுனி பழுத்தோ இருந்தால் மேலும் இருமுறை கழுவுங்கள்.

கலவையும் தொட்டியும்

கழுவிய நார்க்கழிவு இரண்டு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் ஒரு பங்கு, சலித்த செம்மண் ஒரு பங்கு என்று படியால் அளந்து கலந்து கொள்ளுங்கள். ஒரு வாளிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கைச் சேர்த்தால் பூச்சித் தொல்லை குறையும். செம்மண் சிறிதளவேனும் இருத்தல் நலம். நார்க்கழிவில் சுண்ணச் சத்து குறைவாதலால், மண்ணும் உரமும் அக்குறையை ஓரளவு ஈடுசெய்யும்.

தொட்டிக்கென்று தனியே செலவு செய்ய வேண்டியதில்லை. விரிசல் விட்ட வாளி, காலியான எண்ணெய்த் தகரம், அரிசிப் பை ஆகியவை போதும். கீரைக்கு ஒரு சாண் ஆழம் நிறைவானது. மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஒரு முழத்தில் முக்கால் ஆழமும், பத்துப் பன்னிரண்டு லிட்டர் கொள்ளளவும் வேண்டும். அடியில் சுண்டுவிரல் பருமனில் ஐந்தாறு துளைகள் கட்டாயம். வடிகாலுக்கென்று அடியில் கல்லும் ஓட்டுச் சல்லியும் நிரப்பும் வழக்கம் உண்டு, அதனால் பயனில்லை. கல்லடுக்குக்கு மேலே நீர் தேங்கி நின்று, வேருக்குரிய இடத்தைக் குறைத்துவிடும். துளையிலிருந்து கலவை உதிராதிருக்கத் துணித்துண்டு ஒன்று போதும்.

தொட்டிக்கு அடியில் ஏந்துதட்டு வையுங்கள். என் பிறந்தவீட்டிலிருந்து வந்து, விளிம்பு பெயர்ந்து பரணில் கிடந்த எனாமல் சஹன் இப்பொழுது அப்பணியைச் செய்கிறது. ஆனால் ஊற்றிய அரைமணி நேரத்தில் அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். தட்டில் ஒரு வாரம் நீர் நின்றாலே டெங்குக் கொசுவுக்கு அது தொட்டிலாகிவிடும். கீரை வளர்க்கப் போய் நோயை வளர்த்தல் ஆகாது.

எந்தச் சன்னல்?

வீட்டிற்குள் விளைவிப்போர்க்கு உரத்தினும் நீரினும் அருமையானது வெயில். காய் காய்க்கும் செடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வெயில் வேண்டும். கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். கிழக்குச் சன்னல் ஆண்டு முழுதும் காலை வெயில் தரும். தெற்குச் சன்னலுக்குக் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வெயில் உள்ளே வரும். ஆனால் சென்னை போன்ற இடத்தில், ஏறத்தாழ ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகலில் கதிரவன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்பதால், அக்காலத்தில் தெற்குச் சன்னல் வெயிலிழந்து போகும். “தை மாதத்தில் நன்றாயிருந்த செடி வைகாசியில் ஏன் வாடிற்று?” என்று சகோதரி ஒருவர் கேட்டிருந்தார். இதுவே விடையாகலாம். காலத்துக்கேற்பத் தொட்டியை இடம் மாற்றுங்கள். வாரம் ஒருமுறை தொட்டியைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் செடி ஒருபக்கமாய்ச் சாயாது.

எதிர்வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் தெருக்களில் தக்காளிக்கு ஆசைப்பட்டுப் பயனில்லை. வெந்தயக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை, புதினா, கொத்தமல்லி ஆகியவற்றோடு நிறைவு கொள்ளுங்கள். வெந்தயமும் முளைக்கீரையும் நான்கு வாரங்களுக்குள் பறிப்புக்கு வரும். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து, ஓரிரவு ஊறவைத்து விதைத்தால் நன்கு முளைக்கும். ஆறு வாரம் பொறுக்க வேண்டும். புதினாவுக்கு விதை வேண்டாம். கறிக்கு வாங்கிய கட்டில் தடித்த தண்டை ஊன்றினால் போதும்.

வெயில் மிகுந்த சன்னல் வாய்த்தவர்கள் மிளகாய் வைக்கலாம். வீட்டிற்குள் காற்றும் தேனீயும் குறைவாதலால், பூத்த கிளையை நாள்தோறும் காலையில் விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள். மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும்.

நீரும் உணவும்

நார்க்கழிவு கண்ணை ஏமாற்றும். மேற்பரப்பு உலர்ந்து வெளுத்திருக்கும். இரண்டு விரற்கடை கீழே ஈரம் சொட்டும். மேலே பார்த்துவிட்டு நீர் ஊற்றுவோரின் செடிகள் வேரழுகியே மடிகின்றன. ஆகவே விரலை இரண்டு கணு ஆழம் நுழைத்துப் பாருங்கள்; ஈரம் தட்டினால் ஊற்ற வேண்டாம். தொட்டியைச் சற்றே தூக்கிப் பார்த்தாலும் அதன் கனமே சொல்லிவிடும். சிறு கருநிற ஈக்கள் கலவையைச் சுற்றிப் பறந்தால், நீர் மிகுந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. இரண்டொரு நாள் காயவிடுங்கள்.

எந்த நீர் ஆகும், எந்த நீர் ஆகாது என்பதையும் அறிதல் வேண்டும். அரிசி களைந்த நீர் ஆகும். உப்பிட்ட கஞ்சி ஆகாது. சோப்பு நீர் ஆகாது. ஒளூச் செய்த நீரை ஒரு தாழியில் பிடித்து வைத்தால், நாள்தோறும் நான்கைந்து தொட்டிகளுக்குத் தாராளமாய்ப் போதும். ஆனால் குழாயில் வருவது உவர்நீராயின் அது வேண்டாம். இறைச்சியும் மீனும் கழுவிய நீரைத் தோட்டத்து வாழைக்கு ஊற்றலாம். வீட்டிற்குள் ஊற்றினால் நாற்றமும் எறும்பும் ஈயும் வந்து சேரும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுவதும் அவ்வாறே. உள்ளறைக்கு ஏற்றது மண்புழு உரமே. பதினைந்து நாள்களுக்கு ஒருமுறை தொட்டிக்கு ஒரு பிடி இட்டுக் கிளறிவிடுங்கள். மாதம் ஒருமுறை நல்ல நீரை அடித்துளை வழியே நன்கு வடியும்வரை ஊற்றினால், இடையில் சேர்ந்த உப்பு வெளியேறிவிடும். கலவையின் மேல் வெண்பொடி பூத்தால் அது உப்பென்று அறிந்து, உடனே இவ்வாறு செய்யுங்கள்.

ஒரு பயிர் எடுத்தபின் கலவையைக் கொட்டிவிடாதீர்கள். பழைய வேரை நீக்கி, கால் பங்கு புது உரம் சேர்த்து மீண்டும் பயன்படுத்தலாம். இவ்வாறு சில பயிர்கள் எடுக்க முடியும்.

மூன்றாம் விதைப்பு

மூன்றாம் முறை விதையை மாமியின் கையில் நான் கொடுக்கவில்லை. மேசை மீது வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். மாலையில் வந்து பார்த்தபோது இரண்டு வாளிகளிலும் விதைத்து, மேலே மெல்லிய தூளும் தூவியிருந்தார். இருபத்திரண்டாம் நாள் வெந்தயக்கீரை பறித்தோம். அளவு பெரிதன்று, ஒரு வேளைப் பருப்புக்கு ஆகும் அளவே. பேரப்பிள்ளைகள் தட்டைச் சுற்றி அமர்ந்து, “இது பெத்தும்மாவின் கீரை” என்று சொல்லிச் சொல்லி உண்டார்கள்.

இந்தத் தொட்டிகளால் கடைக்குப் போகும் செலவு நின்றுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வாளிக் கீரையால் ஒரு குடும்பத்தின் காய்கறித் தேவை தீராது. ஆயின் எங்கள் வீட்டில் இப்பொழுது அரிசி களைந்த நீர் தொட்டித் துளைக்குள் போவதில்லை. காலையில் எழுந்ததும் மாமி சன்னலண்டை சென்று, ஒவ்வொரு வாளியிலும் விரல் நுழைத்துப் பார்க்கிறார். ஊருக்குச் சென்ற உறவினரிடம் சிறுகீரை விதை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கைராசியைப் பற்றிய பேச்சு மீண்டும் எழவில்லை.

உங்கள் வீட்டிலும் கைகளை மடியில் வைத்துக் கொண்டு சும்மா அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் இருப்பின், முதலில் அவரிடம் ஒரு பிடி வெந்தயத்தைக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் நார்க்கழிவைக் கழுவிவிடுங்கள்.